மழைக்காலத்து வெயில் மயக்கம்

அந்த ஆஸ்பத்திரியின் பதிவேட்டை நம்பினால், ஊரில் வெயில் கொளுத்துவது மழைக்காலத்தில்தான். கோடையில் மாதத்துக்கு ஒருவரோ இருவரோ வெயில் மயக்கம் என்று வந்து படுத்திருப்பார்கள். பருத்திக்கு மருந்து தெளிக்கிற மழை மாதங்களில் அது ஆறு, ஏழு என்று ஏறிவிடும். வானம் மூட்டம் போட்டு, துவைத்த துணி காயாமல் ஊரே முனகிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் மட்டும் நாலு பேர் வெயிலில் சுருண்டு விழுந்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே கையெழுத்து. அழகான, அவசரமே இல்லாத உருண்டை எழுத்து.

அந்தக் கையெழுத்துக்குச் சொந்தக்காரியை எல்லோரும் ரிஜிஸ்டர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாக அதே அறை, அதே ஜன்னல், ஒரு கால் குட்டையான அதே நாற்காலி. வருகிறவர்களின் பெயர், வயது, வந்த நேரம், என்ன நோய், என்ன ஆனது என்று ஐந்து கட்டங்களை நிரப்புவது அவள் வேலை. டாக்டர்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அக்கா மட்டும் ஆணியடித்தாற்போல உட்கார்ந்திருந்தாள். ஓய்வு பெற இன்னும் மூன்று மாதம்தான். நர்சுகள் சேர்ந்து அவளுக்குச் சுவர்க்கடிகாரம் வாங்க ரகசியத் திட்டம் போட்டிருந்தார்கள். எந்தக் கடை, என்ன நிறம் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும்.

காய்கறிக்காரர் மறதியாக ஒரு தக்காளியைக் கூடுதலாகப் போட்டுவிட்டால், பாதி வழியில் திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வருகிற ரகம் அவள். அப்படிப்பட்டவள் ஏன் இப்படி எழுதினாள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் அவளைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள், அது எனக்குப் பிடிக்காது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், தோட்டத்தில் மருந்து தெளித்துக்கொண்டிருந்த ஒருவரை நாலு பேர் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். முதுகில் மாட்டியிருந்த ஸ்பிரேயர் ஒழுகிச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. வாயில் நுரை, உடம்பெல்லாம் வியர்வை. டாக்டர் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். அக்கா கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: பூச்சிமருந்து விஷம். விஷம் என்று எழுதினால் போலீசுக்குத் தகவல் போக வேண்டும், அது சட்டம். போலீஸ் வந்தது. விஷம் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், குடித்தது. ஏன் குடித்தாய், கடனா, பெண்டாட்டி கொடுத்தாளா என்று துளைத்து எடுத்தார்கள். “நான் குடிக்கலீங்க, தெளிச்சேங்க” என்று அந்த மனிதர் படுக்கையில் கிடந்தபடி நூறு முறை சொல்லியிருப்பார். அவர் மனைவியை மூன்று நாள் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நிச்சயமாகியிருந்த மகளின் கல்யாணம், விஷம் குடித்த வீடு என்ற ஒரே பேச்சில் நின்றுபோனது.

ஊரைக் காலி செய்துகொண்டு போகிற அன்று அந்த மனைவி பதிவறை வாசலில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. “ஒரு வார்த்தைதாம்மா எழுதினீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் அக்காவுக்கு அன்றைக்கே ஜீரணமாகியிருக்கும்.

அடுத்த கேஸ் வந்தபோது அக்காவின் பேனா நின்றது. அப்போதிருந்த பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவரும் அந்த மூன்று நாளைப் பார்த்தவர்தான். “ஊசியை நான் சரியாப் போடறேன், எழுத்து உங்க பாடு” என்றார். அக்கா எழுதினாள்: வெயில் மயக்கம். அன்று தொடங்கியது. புது டாக்டர் வந்தால் அக்கா ஊர் வழக்கத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்வாள், அவரும் தலையை ஆட்டிவிடுவார். கோர்ட்டில் சாட்சி சொல்ல யாருக்கு ஆசை? வைத்தியம் சரி, எழுத்து மட்டும் பொய். யாருடைய வீட்டுக்கும் போலீஸ் வரவில்லை, யாருடைய கல்யாணமும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது அவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது, அதை மறைப்பானேன்.

இதில் அவள் தம்பியும் அடக்கம்.

தம்பி அவளுக்கு ஐந்து வயது இளையவன். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருப்பவன் அவன்தான். இரண்டு தெரு தள்ளி வீடு. கூலிக்கு மருந்து தெளிப்பதில் கெட்டிக்காரன், ஒரு செடி விடாமல் நூல் பிடித்த மாதிரி போவான். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவனையும் ஒருநாள் தூக்கிவந்தார்கள். கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. சிவப்பு மூடி போட்ட மருந்து, புதிதாக அந்த வருடம்தான் கடைக்கு வந்திருந்தது. அவன் கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் விபத்துக் கேசுக்காக ஒரு போலீஸ்காரர் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். “என்னக்கா ஆச்சு எனக்கு?” என்று தம்பி கேட்டான். “வெயில்டா. வெறும் வயித்தோட நின்னா வேற என்ன ஆகும்?” என்று அக்கா அவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

வீட்டுக்குப் போனதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். வீட்டில் தம்பி மனைவி அழுதுகொண்டிருந்தாள், பிள்ளைகள் அப்பாவைச் சுற்றிக்கொண்டு நின்றன. சரி, நாளைக்கு. நாளைக்கு அவன் எழுந்து நடந்தான், சிரித்தான். அவனுக்கு வேறு வேலையும் தெரியாது. பயமுறுத்தி என்ன ஆகப்போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்படியே அப்புறம் அப்புறம் என்று போய், சொல்லாமல் விட்டதே சொல்ல முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. காலையிலேயே வேலையை முடித்துவிடு, வந்ததும் குளித்துவிடு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயிலுக்காகத்தான் சொல்கிறாள் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

போதாததற்கு அவளே கடைத்தெருவுக்குப் போய், தலையில் மாட்டிக்கொள்கிற சின்னக் குடை ஒன்றை வாங்கிவந்து கொடுத்தாள். நீலமும் மஞ்சளுமாகக் கீற்று, நெற்றியைச் சுற்றி ரப்பர் பட்டை. தம்பிக்கு அதில் ஏகப்பட்ட குஷி. குடையை மாட்டிக்கொண்டு, வெறுங்கையால் சிவப்பு மூடி மருந்தைக் கலந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலையில் இறங்கினான். ஊர் சிரித்தது. குடைக்காரன் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. “ராஜாவுக்குக் குடை பிடிக்க ஒரு ஆள் வேணும். எனக்கு அதுவும் வேண்டாம்” என்பான். அதற்குப் பிறகும் மூன்று தடவை ஆஸ்பத்திரிக்கு வந்தான். மூன்று தடவையும் வெயில் மயக்கம். எழுதி எழுதி அக்காவுக்கே பாதி நம்பிக்கை வந்திருந்தது. மூன்று வருடமாக அவன் கை நடுங்குகிறது. வெயில் நரம்புக்குள் இறங்கிவிட்டது என்று அவனே வியாதிக்குக் காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தான்.

இப்படி இருக்கும்போதுதான் தலைநகரத்திலிருந்து அந்த அதிகாரி வந்தாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் கனமான பை, காலில் சேறு. ரசாயனப் பொருள்கள் நாட்டுக்குள் வருவதைக் கவனிக்கிற அலுவலகம் என்றாள். அப்படி ஒரு அலுவலகம் இருப்பதே அக்காவுக்கு அன்றைக்குத்தான் தெரியும். பத்து வருடப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மத்தியானம் வரைக்கும் தலை நிமிரவில்லை. அக்கா டீ வரவழைத்துக் கொடுத்தாள். டீ ஆறிப் போனது.

அப்புறம் அவள் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள், அதைக் காட்டும் முன் விஷயத்தைச் சொன்னாள். சிவப்பு மூடி மருந்தைத் தயாரிக்கிற நாட்டில் அதை யாரும் தெளிக்கக் கூடாதாம், தடையாம். ஆனால் தயாரிக்கலாம், இங்கே அனுப்பலாம். அக்காவுக்கு முதலில் இது விளங்கவில்லை. “பக்கத்து வீட்டுக்காரங்க, கடிக்கிற நாய்னு தங்களோட வீட்டுல வெச்சுக்க மாட்டாங்க. கொண்டாந்து நம்ம வாசல்ல கட்டிட்டுப் போயிடுவாங்க. அந்த மாதிரிதான்க்கா” என்றாள் அதிகாரி. அதற்காகத்தான் நாடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. அதில் ஒரு பட்டியல் உண்டு. பட்டியலில் ஏறிய சரக்கை, இன்ன ஆபத்து என்று சொல்லி, வாங்குகிற நாட்டின் சம்மதத்தைக் கேட்காமல் கப்பலில் ஏற்ற முடியாது.

“அப்ப தடை பண்ணிடுவாங்களா?”

“தடை இல்லக்கா. வேணும்னு சொல்றதும் வேண்டாம்னு சொல்றதும் நம்ம இஷ்டம். ஆனா முதல்ல நம்மகிட்ட சொல்லணும், கேக்கணும். இப்ப அதுவே இல்ல.”

சிவப்பு மூடியைப் பட்டியலில் ஏற்ற வேண்டுமென்றால், தெளிக்கும்போது ஆட்கள் பாதிக்கப்பட்டதற்கு இந்த நாடு ஆதாரம் காட்ட வேண்டும். அடுத்த வாரம் காகிதங்கள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும், அதற்குள் இன்னொரு பருவத்துச் சரக்கு வந்து இறங்கிவிடும். கம்பெனிக்காரர்கள் முந்திக்கொண்டு, பட்டியலைப் பரிசீலிக்கிற நிபுணர் குழுவுக்கு எழுதிவிட்டார்கள். அந்தக் கடிதத்தைத்தான் அவள் மேஜைமேல் வைத்தாள். இந்த மருந்தை அதிகமாகப் பயன்படுத்தும் வட்டாரத்தின் நடுவில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரியில், பத்து வருடத்தில், தெளிக்கும்போது விஷம் ஏறியதாக ஒரு கேஸ்கூடப் பதிவாகவில்லை என்று அதில் இருந்தது. சாட்சிக்குப் பதிவேட்டின் நகல்களும் இணைத்திருந்தார்கள்.

அக்கா அந்த நகல்களைப் பார்த்தாள். அவளுடைய உருண்டை எழுத்து. கடல் கடந்து போயிருக்கிறதே என்று ஒரு கணம், சொன்னால் வெட்கம், சந்தோஷமாகக்கூட இருந்தது. போன வருடம் நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்து, பதிவேடு இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்களே என்று புகழ்ந்து, அனுமதிக் கடிதம் காட்டி நகல் எடுத்துப் போனது நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம்தான் விஷயம் உறைத்தது. ஏழைபாழைகளைக் காப்பாற்ற அவள் எழுதிய பொய், மருந்துக்குச் சாட்சி சொல்லப் போயிருக்கிறது.

அதிகாரி பதிவேட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தாள்.

“இந்த ஊர்ல மழைக்காலத்துலதான் வெயில் அடிக்குமாக்கா?”

“மழைக்கு முன்னாடி புழுக்கம் ஜாஸ்தி” என்றாள் அக்கா. சொன்ன வேகத்தில் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அதிகாரி மேலே துருவவில்லை. அதட்டியிருந்தால் அக்காவுக்கும் பதிலுக்கு அதட்ட வசதியாக இருந்திருக்கும். அவள் ஒரு வெற்றுப் படிவத்தை மேஜையில் வைத்து, நாளை மத்தியான பஸ்ஸில் கிளம்புவதாகவும், அதற்குள் ஏதாவது ஞாபகம் வந்தால் சொல்லும்படியும் கேட்டுக்கொண்டாள். வாசல் வரை போனவளை அக்காதான் கூப்பிட்டாள். இதில் எழுதினால் போலீசுக்குப் போகுமா என்று கேட்டாள். போகாது, பெயரே எழுத வேண்டாம், வயதும் ஆணா பெண்ணா என்பதும் போதும் என்றாள் அதிகாரி. மருந்தைக் குடித்தவர்கள் கணக்கு இதில் சேராது, வேலை செய்யும்போது பாதிக்கப்பட்டவர்களைத்தான் தேடுகிறோம் என்றும் சொன்னாள். தெளிச்சேங்க, தெளிச்சேங்க என்று கத்திய அந்தப் பழைய மனிதரின் குரல் அக்காவின் காதில் கேட்டது. அவர் சொன்னதைக் கேட்கவே உலகத்தில் ஒரு காகிதம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள், அது இந்த அறைக்கு வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

அன்று சாயங்காலம் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் தரையில் உட்கார்ந்து ஸ்பிரேயர் முனையில் இருக்கிற நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தான். ஒரு சின்னத் திருகாணி அவன் விரலில் நிற்காமல் மூன்று தடவை உருண்டு ஓடியது. நாலாவது தடவை அவன் மனைவி குனிந்து எடுத்து அவளே பொருத்தினாள். மூலையில் ஆணியில் அந்தக் குடை தொங்கியது. பழசு கிழிந்து, அக்கா வாங்கிக் கொடுத்த மூன்றாவது குடை அது.

“வாக்கா. என்ன மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? கடிகாரத்தை இப்பவே குடுத்துட்டாங்களா?” என்றான்.

அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

“டேய், உனக்கு வெயில் மயக்கம் வந்ததே கிடையாதுடா.”

அவன் சிரித்தான். “நாலு தடவை வந்துச்சேக்கா. நீதானே எழுதின.”

“நான்தான் எழுதினேன். அது வெயில் இல்ல. அந்த சிவப்பு மூடி.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். ஊர்விட்டுப் போன குடும்பம், பெரிய டாக்டர், ஊசி, போலீஸ், பதிவேடு, இன்றைக்கு வந்த கடிதம் என்று ஒன்று விடாமல் கொட்டினாள். கை நடுக்கமும் அதனால்தான் இருக்கும் என்றாள். சொல்லும்போது அவள் குடையைப் பார்த்தாள், ஸ்பிரேயரைப் பார்த்தாள், தம்பியை மட்டும் பார்க்கவில்லை. தம்பி மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“உனக்கு எப்பக்கா தெரியும்?” என்று தம்பி கேட்டான்.

“முதல் நாளே.”

கோபப்பட்டு நாலு வார்த்தை கேட்பான், வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் தயாராக நின்றாள். அவன் எழுந்து போய் ஆணியிலிருந்து குடையை எடுத்தான். ரப்பர் பட்டையை இழுத்துப் பார்த்தான்.

“வெயில் தாங்காத உடம்புன்னு ஊர் சிரிச்சப்ப நானும் சேர்ந்து சிரிச்சேன்க்கா. நம்ம அப்பா அறுபது வயசு வரைக்கும் வெட்டவெளியில நின்னாரு, எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு உள்ளுக்குள்ள என்னை நானே திட்டிக்குவேன். பையன்கிட்டகூட சொல்லியிருக்கேன், நீ என்னை மாதிரி ஆகிடாதடான்னு.”

அக்காவுக்கு அழுகை வந்தது. தான் அழுதால் அவன் தேற்ற வந்துவிடுவான், அது அநியாயம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தம்பி மனைவிதான் கேட்டாள். அவள் நாத்தனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. “அன்னிக்கே சொல்லியிருந்தா இவரு மறுபடி தெளிக்கப் போயிருக்க மாட்டாரே, அண்ணி.”

“போயிருப்பேனோ என்னவோ” என்றான் தம்பி. “வேற என்ன வேலை தெரியும் எனக்கு? சட்டை போட்டுக்கிட்டு, மூஞ்சியைக் கட்டிக்கிட்டுப் போயிருப்பேன். இல்ல, வேண்டாம்னு விட்டிருப்பேன். அது என் பாடு. ஆனா என்கிட்ட சொல்லியிருக்கணும்ல? என்னைக் கேட்டிருக்கணும்ல?”

நாளைக்கு மத்தியானம் வரை அந்த அதிகாரி இருப்பாள், வந்து நடந்ததைச் சொன்னால் போதும், பெயர் எழுத மாட்டார்கள் என்றாள் அக்கா. வருகிறேன் என்றும் அவன் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தம்பி மனைவி சாப்பிடச் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவளைச் சாப்பிடச் சொல்லாமல் அனுப்பியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஆஸ்பத்திரி திறக்கும்போதே அக்கா வந்துவிட்டாள். மருந்தறையிலிருந்து ஊசிமருந்து வழங்கும் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். இருபது வருடத்துக்கு மேலாக அவள் பொய் எழுதிக்கொண்டிருந்தபோதெல்லாம், பக்கத்து அறையில் மருந்து கொடுப்பவர் தன் பாட்டுக்கு உண்மையை எழுதிக்கொண்டிருந்தார். இன்ன தேதி, இன்ன கட்டில், அட்ரோபின் இத்தனை ஊசி. பூச்சிமருந்து விஷத்தை முறிக்கப் போடுகிற ஊசி அது. வெயிலில் மயங்கியவனுக்கு உலகத்தில் எந்த டாக்டரும் அதைப் போட மாட்டார். அக்கா இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துத் தேதியோடு தேதி பொருத்திக் கட்டமிட்டாள். பத்து மணிக்கு அதிகாரி வந்தபோது கடைசி மூன்று வருடத்தில் மட்டும் ஐம்பத்தெட்டு பேர் சேர்ந்திருந்தார்கள். கீழே ஒரு தாளில், இவை என் கையால் தவறென்று தெரிந்தே எழுதப்பட்டவை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

இப்போதிருக்கிற சின்ன டாக்டர் அதைப் படித்துவிட்டு வேர்த்துப் போனார். நல்ல பிள்ளை, வந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

“விசாரணை வரும்க்கா. ஓய்வு பெறுற நேரத்துல எதுக்கு? மூணு மாசம் பொறுத்து எழுதிக் கொடுங்களேன்.”

“மூணு மாசத்துல அடுத்த கப்பல் வந்துரும் டாக்டர். கடிகாரத்தை மட்டும் இப்ப வாங்க வேண்டாம்னு நர்சுங்ககிட்ட சொல்லிடுங்க.”

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று விழித்தபடி டாக்டர் போனார். அதிகாரி இரண்டு புத்தகங்களையும் புகைப்படம் எடுத்துக்கொண்டாள். இது பெரிய விஷயம் என்று சொன்னாள். ஆனால் எந்த மருந்து, எப்படிக் கலந்தார்கள், தெளித்ததா வேறு விதமா என்பதெல்லாம் ஊசிப் புத்தகத்தில் இருக்காதே, ஒருவராவது வாய் திறந்து சொன்னால்தான் படிவம் முழுமையாகும், குறையுள்ள படிவத்தை எதிர்த்தரப்பு ஊதித் தள்ளிவிடும் என்றாள். அக்கா ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தாள். மணி பதினொன்று. கேட்டருகில் ஒரு நாயும் ஒரு சைக்கிளும்தான் இருந்தன. பதினொன்றரை. அதிகாரி பையைக் கட்ட ஆரம்பித்தாள்.

அப்போது தம்பி வந்தான். பின்னாலேயே அவன் மனைவி. தலையில் குடை இல்லை, கையில் மடித்து வைத்திருந்தான். அக்காவைப் பார்க்காமல் அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்து, குடையை மேஜைமேல் வைத்தான். “பேரு வேண்டாம்னு அக்கா சொன்னா, ஆனா பேரு போட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்ல” என்றான்.

அதிகாரி பேனாவை எடுத்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

“அக்கா எழுதட்டும். அவ கையெழுத்துதான் அங்க வரைக்கும் போயிருக்கே.”

குத்திக் காட்டுகிறானா, கூப்பிடுகிறானா என்று அக்காவுக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதிகாரி ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள், தம்பி பதில் சொன்னான், அக்கா எழுதினாள். வயது ஐம்பத்திரண்டு. ஆண். மருந்து: சிவப்பு மூடி. தம்பி மனைவி ஒரு பையிலிருந்து காலி பாட்டிலையே எடுத்து வைத்தாள், லேபிளோடு. எதில் கலந்தீர்கள்? வாளியில். எதைக் கொண்டு? கையால். கடைசியாக மயங்கிய அன்று எவ்வளவு நேரம் தெளித்தீர்கள்? காலை ஆறிலிருந்து பதினொன்று வரை. லேபிளைப் படித்தீர்களா? அது வேற பாஷை. அன்றைக்குப் பருவநிலை எப்படி இருந்தது?

தம்பி அன்றைக்கு முதல்முறையாக அக்காவைப் பார்த்தான்.

“மூட்டமா இருந்துச்சு. தூறல் விழுந்துச்சு” என்றான்.

அக்கா எழுதினாள்: மேகமூட்டம், தூறல். வெயில் இல்லை.

கண் மங்கலாகிவிட்டதால் அவள் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருந்தது. தம்பி மனைவி எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, அக்காவின் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த கேள்வியை அதிகாரி படித்தாள். தெளிக்கும்போது உடம்பைப் பாதுகாக்க என்ன அணிந்திருந்தீர்கள்? கையுறை, முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, பூட்ஸ் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். தம்பி ஒவ்வொன்றுக்கும் இல்லை, இல்லை என்றான். கடைசியில் ‘வேறு ஏதாவது’ என்று ஒரு கட்டம் இருந்தது. வழக்கம்போல அதிலும் கோடு போட்டுவிடலாம் என்று அதிகாரி அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனாள்.

“இருக்கு” என்றான் தம்பி. நடுங்குகிற கையால் மேஜைமேல் இருந்த குடையை அக்காவின் பக்கம் நகர்த்தினான். “குடை. எழுதுக்கா.”

அதிகாரி நிமிர்ந்து குடையைப் பார்த்தாள், அவர்கள் இருவரையும் பார்த்தாள், புரட்டப் போன பக்கத்தை விட்டாள். அக்கா அந்தச் சின்னக் கட்டத்தில், இருபத்தாறு வருடத்து உருண்டை எழுத்தில், தலையில் மாட்டும் குடை என்று எழுதினாள். அது யார் வாங்கிக் கொடுத்தது என்று படிவம் கேட்கவில்லை. கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், அதையும் அவள் எழுதினாள்.